பணத்தை எடுக்கப் பணம் கேட்கிறார்களா? கட்டாதீர்கள்

கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 41. சில மாதங்களுக்கு முன்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ என்னைச் சேர்த்தார்கள். எல்லோரும் 'மேடம்' என்று அழைக்கும் ஒருவர் அங்கே தினமும் கிரிப்டோ பாடம் நடத்துவார். அவர் சொன்ன செயலியில் சிறு தொகை போட்டேன். லாபம் வந்தது. கொஞ்சம் எடுத்தும் பார்த்தேன், வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அந்த நம்பிக்கையில் சேமிப்பில் பாதியைப் போட்டேன். இப்போது போட்டதைப் போல ஆறு மடங்கு தொகை செயலியில் தெரிகிறது. எடுக்கப் போனால், லாபத்தில் 20 சதவீதத்தை வரியாக முன்கூட்டியே கட்ட வேண்டும், மூன்று நாட்களுக்குள் கட்டாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவோம் என்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டிவிடலாமா? கிரிப்டோ என்பதே மோசடியா, அல்லது நான் போன இடம்தான் தவறா? கணவருக்கு இதுவரை எதுவும் தெரியாது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். 20 சதவீதத்தை ஐந்தாகக் குறைத்தாலும் கட்டாதீர்கள். "பாதியை நான் போடுகிறேன், மீதியை நீங்கள் கட்டுங்கள்" என்று அந்த மேடமே மனமிரங்கிச் சொன்னாலும் கட்டாதீர்கள். அப்படியும் சொல்வார்கள். நீங்கள் தயங்குகிறீர்கள் என்று தெரிந்ததும் வழக்கமாக வரும் அடுத்த பேச்சு அது.

வரி எப்படிப் போகும் என்பது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தர வேண்டிய தொகையிலிருந்து நிறுவனமே பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். இல்லையென்றால் நீங்களே கணக்குக் காட்டி அரசிடம் கட்டுவீர்கள். உங்கள் பணம் ஆறு மடங்காகப் பெருகி அவர்கள் கையிலேயே இருக்கிறது என்றால், அதிலிருந்து 20 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவதில் என்ன தடை? கழிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதனால்தான் உங்கள் சட்டைப்பையிலிருந்து புதிதாகக் கேட்கிறார்கள்.

செயலியில் நீங்கள் பார்ப்பது அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து இட்டு வைத்த ஓர் எண். அதில் ஓடும் விலை வரைபடம் உண்மையாக இருக்கலாம். நிஜச் சந்தையின் விலையை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள். செய்தியில் வரும் பிட்காயின் விலையும் செயலியில் தெரியும் விலையும் ஒத்துப்போவதால்தான் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பெயரில் வாங்கியதாகக் காட்டும் காயின் எங்கேயும் வாங்கப்படவில்லை. நீங்கள் அனுப்பிய வங்கிக் கணக்குகளின் பெயர்களை ஒருமுறை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயராக, சம்பந்தமே இல்லாத தனிநபர் பெயராகவோ கேள்விப்படாத ஏதோ ஒரு வணிகப் பெயராகவோ இருக்கும். முறையாக நடக்கும் ஒரு நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தை வாரத்துக்கு ஒரு புதுக் கணக்கில் வாங்குமா?

"முதலில் எடுத்த பணம் வந்ததே" என்று உங்கள் மனது கேட்கும். அது தூண்டிலில் வைத்த புழு. இந்த வகை மோசடியில் முதல் சிறு தொகையைத் திருப்பித் தருவது வேலையின் ஒரு பகுதி. அந்தச் செலவைக் கணக்கில் வைத்துத்தான் தொடங்குகிறார்கள். எடுத்துப் பார்த்தேன், வந்தது என்பது ஒரு தளம் நல்லது என்பதற்குச் சான்றே ஆகாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எச்சரிக்கையாக நடப்பவர்கள் விழும் இடமே இதுதான். அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள் என்று அறிந்தே அந்தச் சோதனையில் தேறும்படி வலையைப் பின்னியிருக்கிறார்கள்.

குழுவில் தினமும் லாபத்தின் ஸ்கிரீன்ஷாட் போட்டு மேடத்துக்கு நன்றி சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கும்பலின் ஆட்களாகவே இருப்பார்கள். ஒருவரே பத்துப் பெயர்களில் எழுதுவதும் உண்டு. இது சில்லறைத் திருட்டு அல்ல, தொழிற்சாலை அளவில் நடப்பது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இத்தகைய இணைய மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்று 2023 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை கூறியது. வெளிநாட்டில் நல்ல வேலை என்று நம்பிப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, எழுதிக் கொடுத்த வசனங்களை அடித்துக்கொண்டிருப்பவர்கள் அவர்களில் பலர். உங்கள் பிள்ளையின் தேர்வு எப்படிப் போனது என்று அக்கறையாக விசாரித்த கை, அதே வேளையில் இன்னும் பலரிடம் அதையே விசாரித்துக்கொண்டிருந்திருக்கும். நீங்கள் ஏமாந்தது அறிவு குறைந்ததால் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மனிதர்கள் எந்த வார்த்தைக்கு இளகுவார்கள் என்று பல்லாயிரம் பேரிடம் பழகித் தேர்ந்தவர்களின் முன் தனியாக நின்றிருக்கிறீர்கள்.

கட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி போய்ச் சேர்ந்துவிட்டது என்று வாழ்த்துவார்கள். அடுத்த நாள், இவ்வளவு பெரிய தொகையை எடுப்பதால் சட்டவிரோதப் பணம் அல்ல என்று உறுதி செய்ய ஒரு வைப்புத்தொகை வேண்டும் என்பார்கள். அதற்கு அடுத்து, கிரிப்டோவை வைத்துக்கொள்ளும் மின்னணுப் பையான 'வாலட்'டைச் சரிபார்க்க ஒரு கட்டணம். பிறகு, கணக்கு எண்ணில் ஓர் எழுத்து தவறாக இருப்பதால் அபராதம். உங்களிடம் பணமும் கடன் தர ஆளும் இருக்கும்வரை புதுப் புதுக் காரணங்கள் வரும்.

இன்று செய்ய வேண்டியவை உண்டு. கோபத்தில் குழுவை விட்டு வெளியேறிவிடாதீர்கள், அவர்களிடம் சண்டையும் போடாதீர்கள். விழித்துக்கொண்டீர்கள் என்று தெரிந்தால் உரையாடலையே அழித்துவிடுவார்கள். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: உரையாடல், தொலைபேசி எண்கள், செயலியின் இணைய முகவரி, அனுப்பிய தேதி, தொகை, வங்கிக் கணக்கு. டாலர் மதிப்போடு ஒட்டி நிற்கும் யு.எஸ்.டி.டி. (USDT) போன்ற கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் வாலட் முகவரியும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள நீண்ட அடையாள எண்ணும் மிக முக்கியம். அடுத்து வங்கியின் மோசடிப் பிரிவுக்கு அழையுங்கள், காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். இரண்டையும் இன்றே செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது ஏதேனும் ஒரு கணக்கில் நிற்கும்போது பிடித்தால்தான் உண்டு. யு.எஸ்.டி.டி.யை வெளியிடும் டெதர் நிறுவனம், சட்ட அமலாக்கத் துறையினர் கேட்டுக்கொள்ளும்போது குறிப்பிட்ட முகவரிகளை முடக்கியிருக்கிறது. அது எல்லோருக்கும் கிடைக்கும் வழி அல்ல. ஆனால் புகாரே இல்லையென்றால் அந்த வழியும் இல்லை. திரையைப் பகிரும் செயலி எதையாவது அவர்கள் உங்கள் போனில் நிறுவச் சொல்லியிருந்தால், அதை நீக்கிவிட்டு, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

பணம் முழுவதும் திரும்பும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தர முடியாது. பலருக்குத் திரும்பவில்லை. இந்த உண்மையை இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது, ஏனென்றால் இன்னும் சில வாரங்களில் இரண்டாவது கூட்டம் வரும். "நீங்கள் இழந்ததை மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு வழக்கறிஞர், ஒரு ஹேக்கர், ஏன், ஓர் அரசு அதிகாரி பெயரில்கூட அழைப்பு வரலாம். ஏமாந்தவர்களின் பட்டியல் விற்கப்படுகிறது. பல நேரம் முதல் கும்பலே வேறு வேடத்தில் வருகிறது. கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேடுதான் பிளாக்செயின். அதில் போன பணத்தை ஹேக் செய்து திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது. மீட்டுத்தர முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கிரிப்டோ என்பதே மோசடியா?

இல்லை. ஆனால் இங்கே இரண்டு ஆபத்துகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். விலை இறங்கி நஷ்டப்படுவது ஒன்று, பறிகொடுப்பது வேறொன்று. கிரிப்டோவைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதலாவதையே பேசுகிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் கண்ணீரோடு எழுதப்பட்டவை இரண்டாவதைப் பற்றியவை. உங்களுக்கு நேர்ந்ததில் கிரிப்டோ சந்தைக்கு ஒரு பங்கும் இல்லை. அதன் பெயரை மட்டும் போர்த்திக்கொண்டு வந்த திருட்டு அது.

அதனால் சந்தை பத்திரமானது என்று பொருள் அல்ல. 2009-ல் தொடங்கிய பிட்காயினுக்கு மொத்தம் 2.1 கோடிதான் வெளிவரும் என்ற வரம்பு அதன் நிரலிலேயே இருக்கிறது. அதன் பின்னால் வருமானம் ஈட்டும் தொழிலோ வாடகை தரும் கட்டடமோ இல்லை. அடுத்தவர் என்ன விலைக்கு வாங்கத் தயார் என்பதுதான் விலை. 2017 டிசம்பரில் 20,000 டாலரைத் தொடப் போனது, ஓராண்டில் 3,000 டாலர் சொச்சத்துக்கு வந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலர் அளவுக்கு ஏறி, அடுத்த நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே போனது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. இந்த எண்களைப் பார்க்கும் எவருக்கும் கடைசி எண்தான் கண்ணில் நிற்கும். நீங்கள் நடுவில் இருப்பவற்றைப் பாருங்கள். முக்கால் பங்கு மதிப்பு போன பிறகு, போட்ட முதல் திரும்புவதற்கே விலை நான்கு மடங்காக வேண்டும். அதுவரை கைவைக்காமல் இருக்கக்கூடிய பணமா நீங்கள் போடுவது? இந்தக் கேள்விக்குத் தயங்காமல் 'ஆம்' சொல்ல முடிந்தவர்கள் மட்டும் கிரிப்டோ முதலீட்டைப் பற்றி யோசித்தால் போதும்.

இதுவும் பிட்காயினின் கதைதான். மற்ற காயின்களில் பல, விழுந்த இடத்திலிருந்து எழவே இல்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் லூனா என்ற காயின் எண்பது டாலர் அளவில் இருந்தது. சில நாட்களில் ஒரு சென்ட் கூடப் பெறாமல் போனது. அதோடு இணைந்திருந்த, எப்போதும் ஒரு டாலருக்குச் சமமாக நிற்கும் என்று சொல்லப்பட்ட டெர்ரா யு.எஸ்.டி. (UST) என்ற காயினும் சரிந்தது. அந்தக் காயினை வைப்பில் வைத்தால் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு நெருக்கமாக வட்டி என்று ஒரு திட்டம் இருந்தது. பாதுகாப்பான வைப்பு என்று நினைத்துப் போட்டவர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள்.

காயின் நல்லதாக இருந்து, அதை வைத்திருக்கும் நிறுவனம் கெட்டுப்போவதும் உண்டு. எஃப்.டி.எக்ஸ். என்பது, கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் 'எக்ஸ்சேஞ்ச்' நிறுவனங்களில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருந்தது. 2022 நவம்பரில் திவால் மனு கொடுத்தபோதுதான், வாடிக்கையாளர் பணம் அதன் சகோதர நிறுவனத்துக்குப் போயிருந்தது வெளிப்பட்டது. நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃப்ரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஒன்காயின் இதைவிட மோசம். பல நாடுகளில் கூட்டம் போட்டு விற்கப்பட்ட அந்தக் காயினுக்குப் பிளாக்செயினே இருக்கவில்லை. அதன் தலைவி ரூஜா இக்னதோவா 2017 அக்டோபரில் தலைமறைவானார். 2022-ல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மிகவும் தேடப்படும் பத்துப் பேரில் அவரைச் சேர்த்தது. அதில் பணம் போட்டவர்களில் பலர் உறவினரும் நண்பரும் சொல்லிக் கேட்டுப் போட்டவர்கள். ஆள் சேர்த்தால் உங்களுக்கும் பங்கு என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். சொல்பவர் உங்கள் சொந்தமாக இருந்தாலும் சரி.

இவ்வளவுக்குப் பிறகும் முறையாக முதலீடு செய்ய விருப்பம் இருந்தால், இப்போது வேண்டாம். இழந்ததை அதே வழியில் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு அடங்கட்டும். ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். வட்டிக் கடன் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. அதன் பிறகும், மொத்த முதலீட்டில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கிரிப்டோவில் வைக்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. முழுதும் போனாலும் வாழ்க்கை முறை மாறக் கூடாது என்பதுதான் அந்த அளவுக்குக் காரணம். அந்த ஐந்தையும் ஒரே நாளில் போடாமல் மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். பெயர் தெரியாத புதுக் காயின்கள் பக்கம் போகாதீர்கள். கடன் வாங்கி வணிகம் செய்யும் 'லெவரேஜ்' வசதியைத் தொடவே வேண்டாம். பத்து மடங்கு லெவரேஜில் விலை வெறும் பத்து சதவீதம் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் போட்டது அத்தனையும் காலி. கிரிப்டோவில் பத்து சதவீதம் ஒரே இரவில் நகரும்.

எங்கே வாங்குவது? உங்கள் நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் மட்டும் வாங்குங்கள். பதிவு எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்துக்கு நீங்களே போய்ச் சரிபாருங்கள். எக்ஸ்சேஞ்ச் தன் பக்கத்தில் போட்டுக்காட்டும் சான்றிதழ் படத்தை நம்ப வேண்டாம். யாரோ அனுப்பிய இணைப்பு வழியாகவோ, தேடலில் மேலே வரும் விளம்பரம் வழியாகவோ ஒருபோதும் நுழையாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து ஒருமுறை சேமித்து வைத்துக்கொண்டு எப்போதும் அதன் வழியாகவே போங்கள். எழுத்து ஒன்று மட்டும் மாறிய போலித் தளங்கள் ஏராளம். உள்நுழைய எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யைவிட, போனிலேயே எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலி பாதுகாப்பானது. உங்கள் சிம்மை வேறொருவர் தன் பெயருக்கு மாற்றி வாங்கிவிட்டால் எஸ்.எம்.எஸ். அவருக்குத்தான் போகும்.

சொந்த வாலட்டில் வைத்தால் எக்ஸ்சேஞ்ச் திவாலானாலும் உங்களுக்குப் பாதிப்பில்லை. ஆனால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலைமேல் வரும். வாலட்டைத் தொடங்கும்போது 12 அல்லது 24 சொற்களை அது காட்டும். சாதாரண ஆங்கிலச் சொற்கள்தான், 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. பார்க்க அற்பமாகத் தெரியும். அந்த வரிசை யார் கையில் இருக்கிறதோ, பணம் அவருடையது. கடவுச்சொல்லை மாற்றுவது போல அதை மாற்ற முடியாது. தொலைத்தால் முறையிட வாடிக்கையாளர் சேவையும் கிடையாது. காகிதத்தில், தெளிவான கையெழுத்தில், வரிசை எண் போட்டு எழுதுங்கள். எழுதியதைப் படித்துச் சரிபார்த்து, இரண்டாவது பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம், மின்னஞ்சலில் போட வேண்டாம், போனின் குறிப்பேட்டில் வைக்க வேண்டாம். போட்டோ உங்களுக்குத் தெரியாமலே இணையச் சேமிப்பில் ஏறிவிடும். இந்தச் சொற்களைக் கேட்கும் ஊழியர், படிவம், செயலி எதுவாக இருந்தாலும் அது திருட்டுதான். புது போனில் உங்கள் வாலட்டை நீங்களே மீட்டெடுக்கும் வேளையைத் தவிர, அவற்றை எங்கும் இட வேண்டிய தேவை வராது.

அனுப்பும்போது இன்னொரு கவனம். வாலட் முகவரி நீளமானது என்பதால் எல்லோரும் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் மட்டும் பார்ப்பார்கள். அந்த எட்டும் ஒத்துப்போகும்படி ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குத் தொகையே இல்லாத, அல்லது மிக அற்பமான ஒரு பரிமாற்றத்தை அனுப்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து நீங்கள் அதை நகலெடுத்து ஒட்டினால் பணம் அவர்களுக்குப் போய்விடும். நடுவில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு மீதியை அனுப்புங்கள். அனுப்பிய பிறகு நிறுத்தச் சொல்ல இங்கே வங்கி மேலாளர் இல்லை.

பிரபலங்களின் பெயரில் வருவதையும் நம்ப வேண்டாம். 2020 ஜூலையில் பராக் ஒபாமா, பில் கேட்ஸ், எலான் மஸ்க் ஆகியோரின் ட்விட்டர் கணக்குகளையே ஹேக்கர்கள் கைப்பற்றி, "பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்" என்று பதிவிட்டார்கள். அன்று அவை அவர்களின் உண்மையான கணக்குகள். இன்று முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து வீடியோவே எடுத்துவிடுகிறார்கள்.

கடைசியாக, உங்கள் கணவர் விஷயம். நீங்கள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி அது. குழுவில் சேர்ந்த சில நாட்களிலேயே "வீட்டில் இப்போது சொல்லாதீர்கள், லாபத்தைக் காட்டி ஆச்சரியப்படுத்துங்கள்" என்று அந்த மேடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "எடுப்பதற்கு எதற்குப் பணம்?" என்று அவர் கேட்டிருப்பார். அந்தக் கேள்வி உங்கள் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது. மூன்று நாள் கெடுவும் அதற்காகவே.

இன்று இரவே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், ஏனென்றால் புகாரில் முழுத் தொகையும் வரும். ஸ்கிரீன்ஷாட்களையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். காவல் நிலையத்துக்கு இருவரும் சேர்ந்து போங்கள். புகார் எண் கிடைத்ததும் அதையும், கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் பரிமாற்ற அடையாள எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். வங்கிக்குத் தர வேண்டிய கடிதத்தை எப்படி எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.